மாடிப்படிக்குக் கீழிருந்த மாது

நகைச்சுவை நாடகம் என்றதும் நம் தோழர்களில் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அதிலும் மயிலாப்பூர் சபாவில் நடைபெறும் நகைச்சுவை நாடகம் என்றால், "அவர்களே கூடி, அவர்களைப் பற்றி, அவர்களே சிரித்துக்கொள்ளும் ஆட்டம் அது, நமக்கு அங்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நகர்வது எளிது. ஆனால், தலைநகரின் தென்பகுதியில் தலைமுறை தலைமுறையாக அரங்கு நிறைந்த மக்களைச் சிரிக்கவைத்த ஒரு கலையைப் பார்க்காமலே தள்ளுவது பகுத்தறிவாகுமா? பார்த்து, எடைபோட்டு, கொள்வன கொண்டு, தள்ளுவன தள்ளுவதல்லவா நமக்கு அழகு!

எடைபோடுவதற்குக் கதையை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இத்தகைய நாடகங்களில் கதை, துணி உலர்த்தும் கொடி போன்றது. நகைச்சுவைத் துணுக்குகள் தொங்குவதற்கு ஒரு கயிறு வேண்டும், அவ்வளவே. நாம் எடுத்துக்கொள்ளப் போவது நடிகர் பட்டியலை. மேடையில் யார் நிற்கிறார்? யாருக்குப் பெயர் உண்டு? யார் சிரிக்க வைக்கிறார்? யாரைப் பார்த்து அவை சிரிக்கிறது? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டால், ஒரு நாடகக் குழு உலகை எப்படிப் பார்க்கிறது என்பது விளங்கிவிடும்.

சான்றுக்கு ஒரு குழு: கிரேசி மோகனின் கிரேசி கிரியேஷன்ஸ். 1952இல் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணியாற்றிய மோகன், 1976இல் எஸ்.வி.சேகரின் குழுவுக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகத்தை எழுதினார். அந்த நாடகத் தலைப்பின் முதற்சொல்லே அவர் பெயரின் முதற்சொல்லாயிற்று. 1979இல் சொந்தக் குழு தோன்றியது. தம்பி பாலாஜி கதாநாயகன் ஆனார்; எஸ்.பி.காந்தன் இயக்கினார். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தைக் கே.பாலசந்தர் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று திரைக்குக் கொண்டுசென்றார். பின்னாளில் வந்த ‘சாக்லேட் கிருஷ்ணா’ நூற்றுக்கணக்கான முறை மேடையேறிற்று. ஒரு சிறு குழு நாற்பதாண்டுகள் நிலைத்ததெனில், அதற்குள் கற்கத்தக்கது ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

கூத்தாடியும் கனவானும்

பட்டியலில் முதலில் கண்ணிற் படுவது, நடிப்பவர்கள் நடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர் என்பது. பகலில் கோப்பு, மாலையில் ஒத்திகை. விடுமுறை நாளில் மேடை. இந்த மரபு புதிதன்று. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோதே, படித்தவர்களும் பதவியிலிருந்தவர்களும் ஒப்பனை பூசிக்கொள்ள முன்வந்தனர். சம்பந்தனாரே வழக்கறிஞர், பின்னர் நீதிபதி. பாலசந்தர் கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே நாடகம் எழுதினார். நாகேஷ் இரயில்வேயில் எழுத்தர். வயிற்றுவலிக்காரனாகச் சிறிது நேரமே மேடையில் துடித்துவிட்டுப் போகும் வேடத்தில் எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்ற பிறகுதான் அந்த எழுத்தரின் வாழ்வு திசைமாறிற்று.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. நடிப்பு, இழிதொழில் என்னும் பழியிலிருந்து மீண்டது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அலுவலகத்தில் கையெழுத்திடுபவர் அரிதாரம் பூசினால் ‘கலையார்வம் மிக்க கனவான்’. அரிதாரத்தையே வாழ்வாகக் கொண்டவன் ‘கூத்தாடி’! சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, அடியும் உதையும் பட்டுப் பாடம் பயின்று, ஊரூராய்ச் சென்று கொட்டகையில் படுத்துறங்கிய நடிகனுக்குக் கிடைக்காத மதிப்பு, மாதச் சம்பளக்காரருக்கு மாலை ஒரு மணிநேரத்தில் கிடைத்தது. கலைக்கு மதிப்பு வந்ததா, கலைஞன் பார்த்த உத்தியோகத்துக்கு மதிப்பு வந்ததா? இந்த வேறுபாட்டை உணர்ந்துதான் சபா நாடகத்தின் பெருமையைப் பேச வேண்டும்.

பணக்கணக்கும் இதனுள் அடங்கியதே. சபா தன் உறுப்பினரிடம் சந்தா பெற்று, குழுவுக்கு ஒரு தொகை கொடுத்து நாடகத்தை வாங்குகிறது. அத்தொகையில் அரங்க அமைப்பு, விளக்கு, ஒலிபெருக்கி, ஒப்பனை, வண்டிக்கூலி எல்லாம் அடங்க வேண்டும். நடிகனுக்கு வேறு சம்பளம் இருப்பதால்தான் குழு பிழைக்கிறது. ஆகவே வேறு சம்பளம் இல்லாதவன் இந்தக் குழுவில் நீடிப்பது அரிது. வாயிற்படியில் யாரும் தடை எழுதி வைக்கவில்லை. வரவு செலவுக் கணக்கே தடையாக நிற்கிறது.

வேடமே பெயராக

பட்டியலில் அடுத்து வியப்பூட்டுவது பெயர்கள். பாலாஜி, ‘மாது’ பாலாஜியானார். நண்பன் சீனுவாக நடித்த மோகன், ‘சீனு’ மோகனானார். சோவின் நாடகமொன்றில் கேலிச்சித்திரக்காரராக வந்த இராமமூர்த்தி, அந்தப் பாத்திரத்தின் புனைபெயரால் ‘காத்தாடி’ இராமமூர்த்தியானார். ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகம் சுந்தரராஜனுக்கு ‘மேஜர்’ பதவியை வழங்கியது. எந்தப் படையிலும் பணிபுரியாமல் மேஜரானவர் அவர் ஒருவரே!

தமிழ்நாட்டில் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த வால் எது என்பதை நம் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பு ஒட்டிய வால் அது. மேடை ஒட்டிய தலைப்போ, உழைப்பால் வந்தது. பேரறிஞர் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் நடித்த கணேசனைப் பெரியார் ‘சிவாஜி’ என்றழைத்தார். நாடே அப்படி அழைத்தது. அந்த நாடகத்தில் காகபட்டர் வேடத்தை அண்ணாவே ஏற்றார். தாமே எழுதி, தாமே நடித்த நாடகாசிரியர்கள் நம் இயக்கத்தின் மேடையிலும் இருந்தனர். மயிலைச் சபாவிலும் இருந்தனர். கொள்கையால் எதிரெதிர்த் திசை. ஆயினும், பிறப்பு தந்த பெயரைப் பின்தள்ளி உழைப்பு தந்த பெயரை முன்வைத்த வகையில் இரு மேடைகளும் ஒரே பணியைச் செய்தன. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

கேட்பவன் இல்லையேல் சிலேடை இல்லை

இனி நடிப்பு. கிரேசி மோகனின் நகைச்சுவை சொல்லில் பிறப்பது. உடலில் பிறப்பது அன்று. வழுக்கி விழுவதும், கன்னத்தில் அறைவதும், கொச்சையான இரட்டைப் பொருளும் இங்கு முதலீடாக வைக்கப்படவில்லை. தாயும் மகளும் அருகருகே அமர்ந்து, தலைகுனியாமல் சிரிக்கலாம். அந்தத் தூய்மைக்கு முதல் வணக்கம்.

சொல்விளையாட்டுக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். நாமே ஓர் எடுத்துக்காட்டைப் புனைவோம். கடன் கொடுத்தவன் வந்து, "வட்டி கிடக்கட்டும், அசலை எடு" என்கிறான். கடன்பட்டவன், "அசல் தொலைந்துவிட்டது, நகல்தான் இருக்கிறது" என்கிறான். சிரிப்பு இரண்டாமவனுக்குக் கிடைக்கிறது. ஆனால் அதனை விளைவித்தவன் முதலாமவன். "அசலை எடு" என்பதை அவன் உண்மையான சினத்தோடு, உண்மையான அவசரத்தோடு சொல்ல வேண்டும். வரப்போகும் வேடிக்கையை எண்ணி அவன் இதழோரம் சற்றே சிரித்துவிட்டாலும் துணுக்கு செத்துவிடும். சொன்னபின், அவை சிரித்து அடங்கும்வரை முகத்தைக் கல்லாக்கி நிற்க வேண்டும். சிரிப்பு அடங்குவதற்குச் சற்று முன்பாக அடுத்த சொல் விழவேண்டும். முந்தினால் அவைக்குக் கேட்காது. பிந்தினால் அவை குளிர்ந்துவிடும்.

இந்தக் கணக்கை ஒரே குழுவினர் பல்லாண்டு சேர்ந்து ஆடினால்தான் கற்க முடியும். மாதுவும் சீனுவும் இணையாக நின்றதன் சிறப்பு இதுவே. ஒருவர் கொளுத்த, ஒருவர் வெடிக்க. அடுத்த நொடியே முறை மாறும். பெருநடிகர் ஒருவரைச் சுற்றி எடுபிடிகள் நிற்கும் திரைப்பட முறை இங்கு இல்லை. சோவின் குழுவில் பயின்ற நீலு, முதுமையிலும் கிரேசி குழுவின் மேடையில் நின்றார். ஆண்டுக்கணக்கில் கதாநாயகன் அல்லாத வேடங்களையே ஏற்று, ஒற்றை வரியால் அவையை அதிரவைக்கும் அத்தகைய நடிகர்களே சிறு குழுவின் முதுகெலும்பு. 2018 மே மாதம் நீலு மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சீனு மோகன் மறைந்தார். 2019 ஜூன் 10இல் கிரேசி மோகனே மறைந்தார். ஓராண்டு இடைவெளியில் ஆசிரியரையும் இரு தூண்களையும் இழந்தபின்னும், மாது பாலாஜி குழுவை மேடைக்கு இட்டுச்சென்றார். தனிமனிதனை நம்பாமல் கூட்டுழைப்பை நம்பியதன் பயன் அது. அமைப்பு நடத்தும் நம் இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சானகியின் பங்கு

புகழ வேண்டியதைப் புகழ்ந்தாயிற்று. இனிக் கணக்குக் கேட்போம்.

கிரேசி மோகனின் கதாநாயகியர்க்குப் பெரும்பாலும் ஒரே பெயர்: ஜானகி. தம்மைப் பள்ளியில் ஊக்குவித்த ஆசிரியையின் பெயர் அது. நன்றிக்கடனாகத் தம் நாயகியர்க்குச் சூட்டினார். நன்றியறிதல் உயர்ந்த பண்பு. ஆனால், நாடகத்திற்கு நாடகம் பெயரோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் நிலையும் மாறாமலே இருந்ததே, ஏன்? மாது பொய் சொல்வான், ஜானகி நம்புவாள். மாது சிக்கிக்கொள்வான், ஜானகி கோபிப்பாள். மாது மீள்வான், ஜானகி மன்னிப்பாள். சிரிப்பின் பெரும்பங்கு ஆடவர்க்கு. கண்ணீரும் கோபமும், காப்பித் தட்டும் அவளுக்கு. "அசலை எடு" என்று எடுத்துக்கொடுக்கும் பணியேனும் முழுமையாக அவளுக்குக் கிடைத்ததா? ஒரு பெண்ணின் பெயரை ஒவ்வொரு நாடகத்திலும் நிலைநிறுத்திய ஆசிரியர், அந்த ஆசிரியையின் அறிவிலும் ஒரு பங்கை அப்பாத்திரத்திற்கு அளித்திருக்கக் கூடாதா?

இது ஒரு குழுவின் குறை மட்டுமன்று. சுகுண விலாச சபையில் பெண்களே இல்லை; சம்பந்தனார் கதாநாயகனாய் நிற்க, ரங்கவடிவேலு என்னும் ஆடவர் கதாநாயகியாய் நின்றார். பின்னர் பெண்கள் மேடைக்கு வந்தனர். வேடமோ ஆடவர் எழுதிய வேடமாகவே நின்றது. ஆளை மாற்றிய சபா, அவளுக்குரிய வசனத்தை மாற்றவில்லை. பெண்ணைக் கண்டு சிரிக்கும் அவை வேறு. பெண் சிரிக்கவைக்கச் சிரிக்கும் அவை வேறு. இரண்டாவது அவை உருவாகும் நாளில்தான் மேடையில் பெண்ணுரிமை பிறந்ததாகக் கொள்ளலாம்.

ஒரு பெயரின் பயணம்

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம்: மாது.

பம்மல் சம்பந்தனாரின் ‘சபாபதி’யில் எசமானுக்கும் சபாபதி என்றே பெயர், வேலையாளுக்கும் சபாபதி என்றே பெயர். 1941இல் அது திரைப்படமானபோது டி.ஆர்.இராமச்சந்திரன் எசமானாகவும், காளி என்.ரத்தினம் வேலையாளாகவும் நடித்தனர். சொன்னதைச் சொன்னபடியே செய்து, எசமானைத் தலைகுனிய வைக்கிறான் வேலையாள். அவனுடைய அறியாமையைக் கண்டு சிரிக்கிறோம். ஆனால் அதே பெயர் தாங்கிய எசமானின் அறியாமையும் சேர்ந்தே அம்பலமாகிறது. ஒரே பெயர் இருவர்க்கும் என்பதில், எழுதியவர் எண்ணியதற்கும் மேலான ஒரு சமத்துவம் எட்டிப்பார்க்கிறது.

அடுத்து, பாலசந்தரின் ‘சர்வர் சுந்தரம்’. 1964இல் திரைக்கும் வந்தது. உணவு விடுதியில் இலைமுன் குனிந்து பரிமாறுபவன் கதாநாயகன்! அவனுக்குக் காதல் உண்டு, தாய் உண்டு, தன்மானம் உண்டு. அடுத்து, 1968இல் திரைப்படமான ‘எதிர்நீச்சல்’. பல குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருக்கும் ஓர் அனாதை. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் தரும் சோற்றை உண்டு, கல்லூரியில் படிக்கிறான். அவன் பெயர் மாது.

அந்த மாதுவைக் கண்டு சிரித்த அவை, சிரித்த வாயோடு சற்றே நாணியது. அவனை ஏவிய அந்தக் குடித்தனக்காரர்கள் யார்? நாற்காலியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர்களே அல்லவா!

ஆண்டுகள் சில சென்றன. மாது என்ற பெயர் மீண்டும் மேடைக்கு வந்தது. இப்போது அவன் மாடிப்படிக்குக் கீழில்லை. கூடத்தில் சோபாவில் அமர்ந்திருக்கிறான். உத்தியோகம் இருக்கிறது, மனைவி இருக்கிறாள், தொலைபேசி இருக்கிறது. வாசலுக்கு ஒரு கதவு, அடுக்களைக்கு ஒரு கதவு. அவனுடைய துன்பங்கள் மேலதிகாரியிடம் சொன்ன பொய், கடன்காரனிடம் சொன்ன தவணை, மனைவியிடம் மறைத்த செய்தி. கூடத்தில் வாழ்பவனுக்கும் துன்பம் உண்டு. அதைச் சிரிப்பாக்குவதும் கலைதான். நடுத்தரக் குடும்பத்தான் தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பது நல்ல பழக்கம். ஆனால் மாடிப்படிக்குக் கீழே இப்போது யார் இருக்கிறார்? அங்கே வெளிச்சம் ஏன் விழவில்லை? ‘சர்வர் சுந்தர’த்தை நாயகனாக்கிய அதே சபா மேடையில், பிற்காலத்துப் பல நகைச்சுவை நாடகங்களின் நடிகர் பட்டியல் ‘வேலைக்காரி’, ‘சமையற்காரர்’, ‘கூரியர் பையன்’ என்று பெயரில்லாத மனிதர்களோடு முடிகிறதே! மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பூக்கட்டுபவள், தியாகராயநகர்க் கடையில் நாள் முழுதும் நின்றே துணி விரித்துக் காட்டும் பெண், அடையாற்றின் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அரங்கின் சுவருக்கு வெளியேதான். அவர்களிடம் நகைச்சுவை இல்லையா? ஒரு மாலைப்பொழுது மீன்கடை ஓரத்தில் நின்று பாருங்கள். சிலேடை எங்கே பிறக்கிறது என்பது தெரியும்.

கடவுளும் ஒரு நடிகர்

‘சாக்லேட் கிருஷ்ணா’வின் பட்டியலில் ஒரு சிறப்பு நடிகர் உண்டு: கிருஷ்ணன். அவ்வேடத்தை ஏற்றவர் கிரேசி மோகனே. சாக்லேட் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மாதுவின் தொல்லைகளைத் தீர்க்கக் கடவுள் நேரில் வருகிறார். வந்து, சிலேடை பேசுகிறார்.

இதைக் கண்டு நம் தோழர்கள் கொதிக்க வேண்டியதில்லை. கூடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பேசி, கைதட்டல் வாங்கி, தவறிய சொல்லைச் சமாளிக்கும் கடவுள், அண்டை வீட்டு மாமாவுக்கு மேல் அச்சம் தரக்கூடியவர் அல்லர். பயம் போன இடத்தில் பக்தி எத்தனை நாள் நிற்கும் என்பதை நாமறிவோம். தெரிந்தோ தெரியாமலோ, நாடகம் அந்த வேலையைக் கொஞ்சம் செய்திருக்கிறது.

குறை வேறிடத்தில். கடன், வேலை, குடும்பம் என்று மனிதரால் வந்த தொல்லைகளைத் தீர்க்க மனிதர் போதவில்லையா? ஐந்நூறு துணுக்குகளைப் படைத்த அறிவுக்கு, மாது தன் முயற்சியால் மீளும் ஒரு வழியைப் படைக்க முடியாதா? அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்திலும் தேவர் மேடைக்கு வருகிறார். அங்கே அவர் கேள்விகளுக்கு விடை சொல்லித் திணற வேண்டும். ஒரு மேடையில் கடவுள் சாட்சிக்கூண்டில். மற்றொன்றில் கடவுள் உதவிக்கரத்தோடு. எந்த மேடையிலிருந்து வெளியேறுபவன் தன் கால்களை நம்பி வீடு நடப்பான்?

நமக்குரிய வேலை

ஆகவே என் தீர்ப்பு இது. கூட்டுழைப்பு, ஒழுங்கு, கொச்சையற்ற சிரிப்பு, சொல்லின்மேல் கொண்ட காதல் ஆகிய நான்கிலும் இச்சிறு குழு நமக்கு ஆசான். பாதி ஆங்கிலமும் பாதி அகத்து வழக்குமாய் அமைந்த மொழி, சிரிப்பில் பங்கில்லாத பெண், பெயரில்லாத உழைப்பாளி ஆகிய மூன்றிலும் நாம் அதற்கு எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சி என்றால் ஏசிவிட்டு அமர்வதா? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அப்படி அமர்ந்தாரா? நந்தனார் கதை தீயில் முடிந்ததைக் கண்டு அவர் வசைபாடவில்லை, ‘கிந்தனார்’ படைத்தார். தாழ்த்தப்பட்ட சிறுவன் படித்து, பட்டணம் கண்டு, கல்வி அதிகாரியாய் ஊர் திரும்பும் கதாகாலட்சேபம் அது; 1949இல் ‘நல்லதம்பி’ படத்திலும் இடம்பெற்றது. ஊரே சிரித்தது, சிரித்தவர்களில் ஒருவர்கூட அச்சிறுவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனை ஒதுக்கிய மடமையைப் பார்த்தே சிரித்தனர்.

இளைஞர்களே, பத்துப்பேர் சேருங்கள். சைதையிலோ, மீர்சாகிப்பேட்டையிலோ ஒரு படிப்பகத்தில் ஒத்திகையைத் தொடங்குங்கள். கிரேசி குழுவைப் போல் ஒருவருக்கொருவர் எடுத்துக்கொடுக்கப் பழகுங்கள்; அவை சிரித்து அடங்கும்வரை காத்திருக்கப் பழகுங்கள். ஜானகிக்குச் சிலேடை எழுதுங்கள். மாதுவை ஒருமுறை மீண்டும் மாடிப்படிக்குக் கீழே அனுப்பிப் பாருங்கள். அழைப்பிதழில் நடிகர் பட்டியலை அச்சிடும்போது, கடைசி வரியில் நிற்பவளுக்கும் ஒரு பெயர் வையுங்கள். அண்ணா நாடகம் எழுதியபோது அவளுக்குப் பெயரும் வைத்தார், அமிர்தம் என்று. நாடகத்திற்கே அவளால் பெயர் வந்தது, ‘வேலைக்காரி’ என்று.